புதுப்பிப்பு: செங்கோட்டையிலிருந்து ஒருநாள் சைக்கிள் சுற்று
செங்கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவர எந்த வழி நல்லது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். குற்றாலத்தை முதலில் முடித்துக்கொண்டு, மலையடிவாரத்தில் அடவிநயினார் அணை இருக்கும் மேக்கரைக்குப் போகுமாறு பலரும் சொல்லியிருந்தீர்கள். சென்ற வாரம் போய்வந்தேன். ஆனால் வரிசையை மாற்றிவிட்டேன்.

காரணம் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வேகமாக இறங்குவதால், கால்கள் களைக்காத காலை வேளையிலேயே அதை எதிர்த்துப் பண்பொழி வழியாக மேக்கரை வரை மிதித்துவிட்டு, பிற்பகலில் அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது எனக்குச் சரியாகப் பட்டது. 132 அடி உயர அடவிநயினார் அணையை நெருங்கும்போது மலை முழுவதும் சாரலில் மறைந்திருந்தது.

பண்பொழி அருகே வயலோரம் ஒதுங்கியதில் பின்சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. பஞ்சர் ஒட்டிய பெரியவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கியபோது இரண்டு இடங்களில் குமிழி வந்தது. டயரின் உட்புறத்தை விரலால் தடவி, ஒடிந்துகிடந்த முள்முனையையும் எடுத்துவிட்ட பிறகே அவர் காற்றடித்தார். அதில் ஒரு மணி நேரம் போனதால், திருமலைக் குமாரசுவாமி கோயிலை அடிவாரத்தில் நின்றே கும்பிட்டேன்.

திரும்பும் வழியில் குற்றாலத்தில் கூட்டம் நெருக்கியது. குளிக்காமலே, இலஞ்சி வழியாக நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.