என் முன்னால் திக்காதவர்கள்

பேச்சு சிகிச்சையாளர்:
என்னிடம் வருபவர்களில் எனக்கு அதிகச் சவாலாக இருப்பவர்கள், என் முன்னால் திக்காமல் பேசுகிறவர்கள்தாம். ஒரு கல்லூரி மாணவர் வந்தார். மளமளவென்று பேசினார். பேசிய அசைகளில் நூற்றுக்கு எத்தனை திக்கின என்று எண்ணுவது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கில் அவருக்குக் குறையே இல்லை. பெயரைக் கேட்டதும் கண்கள் இறுக மூடின, தொண்டை அடைத்துக்கொண்டது. மற்ற இடங்களில் சொல்லை மாற்றித் தப்பிவிடுவார். 'தம்பி' வராது என்று தெரிந்தால் 'வீட்டில் சின்னவன்' என்பார். சொந்தப் பெயரை எப்படி மாற்றுவது?

இப்படி ஒளிந்துகொள்பவருக்குச் சிகிச்சையின் முதல் வேலை, ஒளியாமல் திக்கப் பழகுவது. வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பதும் அதில் அடக்கம். தாமே திக்குபவரான அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்திய வழி இது. ஆனால் சில வாரங்களில் அந்த மாணவருடைய அப்பா கோபமாக வந்து நின்றார்: "வந்தபோது இருந்ததைவிட இப்போதுதானே அதிகமாகத் திக்குகிறான்!" அவர் காதில் விழுந்தது உண்மைதான். முன்பு வகுப்பில் வாயே திறக்காத மகன் இப்போது கேள்வி கேட்கிறான் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மகனையே அருகில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னார். அப்பா குறுக்கிடாமல் கேட்டார். அதுவே அன்றைய சிகிச்சை என்பேன்.

திக்கிப் பேசுபவர்:
அந்த மாணவரின் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒலிகளை இழுத்து மெதுவாகப் பேசும் முறையைக் கற்றேன். அறைக்குள் அருமையாக வந்தது. தொலைபேசியை எடுத்தால் போயிற்று; முதல் சொல் வருவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். பயிற்சி போதவில்லை என்று சொல்லியிருந்தால் நான் சிகிச்சையையே விட்டிருப்பேன். என் சிகிச்சையாளர் அப்படிச் சொல்லவில்லை. என்னைக் கடைக்கு அழைத்துப்போய், என் கண்ணெதிரே அவரே திக்கிப் பொருள் கேட்டார். கடைக்காரர் முறைத்தார். சிகிச்சையாளர் பார்வையை விலக்காமல் கேட்டு முடித்தார். பிறகு என் முறை. உடல் முழுவதும் வியர்த்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

குழந்தைகளுக்கான சிகிச்சையாளர்:
எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். யாருக்கு நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆண் குழந்தை, குடும்பத்தில் திக்குபவர்கள் உண்டு, ஓராண்டு தாண்டியும் தொடர்கிறது என்றால் நான் காத்திருக்கச் சொல்வதில்லை.

ஒரு தாய் மகிழ்ச்சியோடு, "இப்போது திக்குவதே இல்லை" என்றார். விசாரித்தால், பையன் பேசுவதையே குறைத்திருந்தான். "மூச்சை இழுத்து நிதானமாகச் சொல்" என்று வீட்டில் ஒவ்வொருவரும் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அன்பினால்தான். எத்தனை முறை திக்கினான் என்று கேட்கும் முன், இன்று யாரிடமெல்லாம் பேசினான் என்றுதான் பெற்றோரிடம் இப்போது கேட்கிறேன்.