கேப்னோகிராபி: ‘புகைவரைவு’ சரிப்படுமா?

வணக்கம்.

வெளிமூச்சில் உள்ள கரியமில வாயுவை (கார்பன் டை ஆக்சைடு) அலைக்கோடாகக் காட்டும் கண்காணிப்புதான் கேப்னோகிராபி. அதற்குத் தமிழில் ‘புகைவரைவு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ‘கேப்னோஸ்’ கிரேக்கத்தில் புகைதான். ஆனால் சிங்கப்பூரில் புகை என்றதும் புகைமூட்டம்தான் நினைவுக்கு வரும். சுவாசக் குழாய் பொருத்திய தகப்பனாரின் கட்டிலருகே நிற்கும் மகனிடம் ‘புகைவரைவு’ என்றால், நுரையீரலுக்குள் புகை போய்விட்டதோ என்று பதறிவிடுவார்.

‘கரியமில வாயு அளவி’யும் போதாது. அந்த வாயுவின் அளவை எண்ணாக மட்டும் காட்டுவது கேப்னோமீட்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாம் பார்க்க வேண்டியது அலையின் வடிவம். வெளிமூச்சில் கோடு செங்குத்தாக ஏறி, மேடுபோல் ஓடி, உள்மூச்சில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். மேட்டின் கடைசிப் புள்ளிதான் தாதியர் குறித்துவைக்கும் எண். இயல்பாக 35 முதல் 45 மிமீ பாதரசம். மூச்சுக்கிளைகள் இறுகினால் ஏற்றம் சாய்ந்து சுறாத்துடுப்பு போலாகும். அப்போதும் எண் 40 என்றே இருக்கக்கூடும்!

குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் அலையே வராது, அல்லது ஓரிரு சிற்றலைகளோடு ஓய்ந்துவிடும். இதயம் நின்று நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கையிலும், குழாய் சரியாக இருந்தால் சிற்றலையாவது தொடர்ந்து தெரியும். ‘இதயம் நின்றதால்தான் கோடு தட்டை’ என்று விட்டுவிடுவது உயிரைக் குடிக்கும் தவறு. சுவாசவழிச் சிக்கல்களை ஆராய்ந்த பிரிட்டனின் 2011 நேப்-4 (NAP4) தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசவழிச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் கண்காணிப்பு இல்லாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது.

ஆகவே என் பரிந்துரை ‘மூச்சுக்கரி அலைவரைவு’. மேட்டின் கடைசி எண்ணுக்கு ‘இறுதிமூச்சு அளவு’.

* * *

ஐயா, வணக்கம்.

‘அலைவரைவு’ அருமை, அதை விடக்கூடாது. ‘இறுதிமூச்சு’ மட்டும் வேண்டவே வேண்டாம். நோயாளியின் குடும்பத்தார் காதில் அது வேறு பொருளில் விழும். அலையின் முனையில் எடுப்பதால் ‘வெளிமூச்சு முனை அளவு’ எனலாம். ‘கரி’ தனியே நின்றால் அடுப்புக்கரி. கரியமில வாயுவைக் ‘கரிவளி’ என்று சொல்லி, ‘மூச்சுக் கரிவளி அலைவரைவு’ என்றால் சற்று நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். சுவாசக் குழாயின் வாயிலேயே உணரி அமர்வது ‘நேர்வழி’. மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லிலிட்டர் வரை மூச்சுக்காற்றை உறிஞ்சி இயந்திரத்துக்குக் கொண்டுபோவது ‘கிளைவழி’. கிளைவழியில் ஈரப்பதம் நீர்த்துளியாகி மெல்லிய குழாயை அடைக்கும். அதனால் அதன் இணைப்பு மேல்நோக்கி இருக்க வேண்டும். அந்த நீரைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறியை அது நிறைவதற்குள் மாற்ற வேண்டும். கோடு தட்டையானால் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் நெஞ்சு, சுவாசக் குழாய்; நீர்ப்பொறி அதற்குப் பிறகுதான். சொல் விளக்கத்தில் இந்த வரிசையையும் சேர்த்துவிடுங்கள்.