மந்திரம் இல்லாத சூரிய நமஸ்காரம் வழிபாடா, தண்டாலா?

கிழக்குவாசல்:
பள்ளியில் சூரிய நமஸ்காரம் என்று பேச்செடுத்தாலே, "மந்திரத்தை எடுத்துவிட்டால் வெறும் உடற்பயிற்சிதான்" என்று முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு நிலையில் ஆறாவதைப் பாருங்கள். பாதம் 2, முழங்கால் 2, உள்ளங்கை 2, மார்பு, தாடை என எட்டு இடம் தரையில் பட வேண்டும். பெயரே அஷ்டாங்க நமஸ்காரம். உடம்பு விழுந்து கும்பிடும்போது வாயை மட்டும் மூடினால் மதம் போய்விடுமா?

தண்டால்பிரியன்:
எல்லா வழியிலும் அப்படி இல்லையே. மைசூர் யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் வழியில் அந்த இடத்தில் வருவது சதுரங்க தண்டாசனம். உள்ளங்கையும் கால்விரலும் மட்டும்தான் தரையில். முழங்கை விலாவை ஒட்டி மடங்கும். சுத்தமான தண்டால். அவர் பெயரிலான அறக்கட்டளையின் பணத்தில் கலிபோர்னியாவின் என்சினிட்டாஸ் பள்ளிகளில் நடந்த வகுப்பை எதிர்த்து வழக்கே போட்டார்கள். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது மதபோதனை இல்லை என்றுதான் சொன்னது.

கிழக்குவாசல்:
பாதியைச் சொல்கிறீர்களே. சமஸ்கிருதப் பெயர்களை எல்லாம் நீக்கி, பத்மாசனத்துக்கு 'சப்பணம்' மாதிரி ஒரு சிறுபிள்ளைப் பெயர் வைத்த பிறகுதான் அந்த வகுப்பு தப்பியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் பள்ளிகளில் 1993இல் தடுத்த யோகாவை 2021இல் அனுமதித்தபோதும் இதே கதை: மந்திரம் கூடாது, 'நமஸ்தே' கூடாது, ஆசனத்துக்கு ஆங்கிலப் பெயர் மட்டும். ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு துடைப்பானேன்?

மூச்சுக்கணக்கு:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மந்திரம் அங்கே கடிகார வேலையும் பார்க்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் சூரியனின் ஒரு பெயர். 'ஓம் மித்ராய நமஹ' என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிலை முடியும். அதை எடுத்துவிட்டு "ஒன்று, இரண்டு" என்று விரட்டினால் கைகால் மூச்சை முந்திவிடும். பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். திருமூலரும் எண்ணிக்கைதான் தருகிறார்: இழுக்க 16, நிறுத்த 64, விட 32. (புதிதாகத் தொடங்குபவர் 64 பக்கமே போக வேண்டாம். 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விட்டால் போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அடக்கவே கூடாது.) எண்ணுவதற்கு எந்தச் சொல்லும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் குவாலியர் சூஃபி முகம்மது கௌஸ் யோக நூலைப் பாரசீகத்தில் எழுதியபோது மந்திரங்களுக்கு ஈடாக அரபு இறைநாமங்களைத் தந்தார்.

கிழக்குவாசல்:
அப்படியானால் மதம் மாறியதே தவிரப் போகவில்லை! 2015 யோகா தினப் பொதுப் பயிற்சியில் எதிர்ப்புக்காகச் சூரிய நமஸ்காரத்தை விட்டார்கள். தொடக்கத்தில் ரிக்வேத சுலோகம் மட்டும் அப்படியே இருந்தது. இதைக் கேட்டால் பதில் இல்லை.

தண்டால்பிரியன்:
சுலோகத்தை விட்டுவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மூச்சுக்கு நான்கு எண்ணுங்கள், ஆறாவதில் சதுரங்க தண்டாசனம் வையுங்கள். தீர்ந்தது.

மூச்சுக்கணக்கு:
எட்டு வயதுப் பிள்ளைக்குச் சதுரங்க தண்டாசனம் நிற்காது. இடுப்பு தொய்ந்து பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும். முழங்காலை ஊன்றச் சொல்வீர்கள், அடுத்து மார்பு, பிறகு தாடை. எண்ணிப் பாருங்கள், எட்டு வந்துவிடும்.