பராந்த்ரோபஸ் பல்லின் ஸ்ட்ரான்சியம் காட்டுவது உணவையா, குகைத் தண்ணீரையா?

லெனேசியா குமரன்:
தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் புதைபடிவமாகக் கிடைத்த பராந்த்ரோபஸ் என்ற ஆதிமனித இனம் சுத்த சைவம் என்று இங்கே அடித்துப் பேசுகிறார்கள். 1992-இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ சில்லன் அதே குகை எலும்புகளில் ஸ்ட்ரான்சியம்-கால்சியம் விகிதம் பார்த்தார். பராந்த்ரோபஸுக்குத் தாழ்வாக வந்தது, ஊனும் தின்றிருக்கிறது என்றார். ஸ்ட்ரான்சியமும் பேரியமும் கால்சியத்தைப் போலவே உணவோடு உடலுக்குள் வரும் தனிமங்கள்; குடலும் சிறுநீரகமும் கால்சியத்தை வைத்துக்கொண்டு ஸ்ட்ரான்சியத்தைத் தள்ளிவிடும். அதனால் செடியைவிட மானுக்குக் குறைவு, மானைவிடச் சிறுத்தைக்குக் குறைவு. பேரியம் இன்னும் வேகமாக இறங்கும். இதை எப்படி ஒதுக்குவீர்கள்?

மெரபேங்க் தேவி:
அண்ணே, முதலில் எலும்பை விட்டுவிடுங்க. எலும்பின் கரிமப் பகுதி அழுகினதும் அந்தத் துளைகளுக்குள் டோலமைட் குகைத் தண்ணீர் இறங்கிவிடும். பல்லின் மேலுறையான எனாமலில் 96 சதவீதம் கனிமம், படிகமும் பெரிசு, அதனால் தாங்கும்.

ஆனால் எனாமலை எடுத்தாலும் உங்கள் கணக்கு நிற்காது. 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 440 மில்லிகிராம் இருக்கும். 100 கிராம் இறைச்சியில் 10 வந்தால் அதிகம். கீரையின் விகிதத்தை 1 என்றும் இறைச்சியின் விகிதத்தை 0.2 என்றும் வைத்து, இரண்டையும் சரிபாதி தின்னச் சொல்லுங்க. கலந்த விகிதம் 0.98! தட்டில் பத்தில் ஒன்பது பங்கு இறைச்சி ஆனாலும் 0.86-க்குத்தான் இறங்கும். பல்லில் எழுதுவது கால்சியம் நிறைந்த உணவு மட்டும். இறைச்சியோடு எலும்பையும் கடித்துத் தின்றால் கதை வேறு.

இன்னொன்று. இலை மேயும் விலங்குகளுக்கும் இந்த விகிதம் தாழ்வுதான், புல் மேய்வனவற்றுக்கு உயரம். தாழ்ந்த எண்ணைப் பார்த்ததும் ஊன் என்று எழுதினால் பாதி மான் கூட்டம் ஊனுண்ணி ஆகிவிடும்.

லெனேசியா குமரன்:
அதனால்தான் ஒரே விகிதத்தை நம்பக் கூடாது என்கிறேன். ஸ்பான்ஹைமர், லீ-தார்ப் என்ற ஆய்வாளர்கள் எனாமலில் பார்த்தபோது ஆஸ்ட்ரலோபித்தெக்கஸ் என்ற இன்னொரு ஆதிமனித இனத்துக்கு ஸ்ட்ரான்சியம் உயரம், பேரியம் தாழ்வு. வார்ட்ஹாக் காட்டுப்பன்றியும் மண்ணுக்குள் வாழும் எலியும் அப்படித்தான், இரண்டும் கிழங்கு தோண்டித் தின்பவை. அப்புறம், ஒரே பல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் வழியாகப் பார்த்தால் எந்த மானோடும் ஒப்பிட வேண்டியதில்லை. 2019-இல் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையின் ஆஸ்ட்ரலோபித்தெக்கஸ் பற்களில் பேரியப் பட்டைகள் திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டினார்களே.

மெரபேங்க் தேவி:
எனாமல் ஒரே நாளில் கெட்டிப்படுவதில்லை. சுரக்கும்போது கொஞ்சம் கனிமம், மீதி முதிரும்போது பல மாதம் கழித்து. உங்கள் பட்டையின் தேதி மங்கிப்போனது.

லெனேசியா குமரன்:
மங்கல் மேட்டைத் தட்டையாக்கும். இல்லாத மேட்டை எழுப்பாது.

மெரபேங்க் தேவி:
சரி, மேடு இருக்கட்டும். அது தாய்ப்பாலா, பஞ்ச காலத்தில் குழந்தையின் சொந்த எலும்பு கரைந்ததா, பருவத்துக்குப் பருவம் மாறிய செடியா? மூன்றும் ஆண்டுக்கொருமுறை வரும்.

டொங்காட் சாமி:
சண்டை நடக்கட்டும். பல்லைத் தூளாக எடுத்து அளந்தால் எப்படி, லேசரில் சுட்டு அளந்தால் எப்படி? எங்கே கெடுகிறது?

மெரபேங்க் தேவி:
தூள் என்றால் வைர முனைத் துரப்பணம், வேகம் குறைவாக. வெளிப்பரப்பில் 100 மைக்ரானைச் சுரண்டி எறியணும், துத்தநாகமும் ஈயமும் அங்கேதான் சேரும். 10 மில்லிகிராம் தூள், 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் 15 நிமிடம். பின்னால் படிந்த கால்சைட் போய்விடும். சுத்த நீரில் மூன்று அலசு. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 2 சதவீதத்துக்கு நீர்த்து ஐசிபி-எம்எஸ் என்ற தனிமம் அளக்கும் கருவியில் கொடுங்க. கண்ணாடிக் குடுவை வேண்டாம், அதிலிருந்தே பேரியம் கசியும், டெஃப்லான்தான். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கொஞ்சம் கலந்தாலும் யுரேனியம் ஏறிக் காட்டிக்கொடுக்கும், அந்தத் தூளைக் கொட்டிவிடுங்க.

லெனேசியா குமரன்:
லேசருக்குப் பல்லை நீளவாக்கில் அறுத்து, டென்டினில் தொடங்கி வெளிப்பரப்புவரை கோடு ஓட்டணும். கால்சியம்-43 உள்தரம், அதாவது மற்றதை ஒப்பிடும் அளவு. நிஸ்ட் 612 என்ற தரக் கண்ணாடியை மட்டும் வைத்து அளவிட்டால் விகிதம் கோணும், ஏனென்றால் கண்ணாடியும் பல்லின் கனிமமான அபடைட்டும் ஒரே மாதிரி ஆவியாவதில்லை. நிஸ்ட் 1400 எலும்புச் சாம்பலை அழுத்திய வில்லையையும் கூடவே ஓட்டுங்கள். குகையிலிருந்து பல்லுக்குள் ஊறும் யுரேனியம், மாங்கனீசு, லாந்தனம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரு ஓரத்திலும் ஏறி நடுவில் இறங்கினால் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் படியுங்கள். ஸ்வார்ட்கிரான்ஸில் மாங்கனீசு தாராளம், அந்த டோலமைட் அப்படி.

மெரபேங்க் தேவி:
அண்ணன் சொல்லாத ஒன்று: எந்தப் பல்? முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பால்குடி வயதிலேயே தொடங்கிவிடும். அதை ஒரு இனத்துக்கும், பால் மறந்தபின் வளரும் மூன்றாவது கடைவாய்ப்பல்லை இன்னொரு இனத்துக்கும் வைத்து ஒப்பிட்டால், வித்தியாசம் பாலில் வந்ததா, இறைச்சியில் வந்ததா?

ஊன் கேள்விக்கு நைட்ரஜன் ஐசோடோப் பக்கம் போங்க, ஊன் தின்றால் கனமான நைட்ரஜன் கூடும். 2025-இல் ஸ்டெர்க்ஃபொன்டெய்னின் ஏழு ஆஸ்ட்ரலோபித்தெக்கஸ் பற்களின் எனாமலில் பார்த்துவிட்டார்கள், பாலூட்டி இறைச்சி பெரிதாக இல்லை.

லெனேசியா குமரன்:
அது வேறு குகை, வேறு இனம். ஸ்வார்ட்கிரான்ஸ் பராந்த்ரோபஸின் மூன்றாவது கடைவாய்ப்பல்லில் அதே அளவீட்டைச் செய்யட்டும், அதே தூளில் பேரியத்தையும் எடுக்கட்டும். அதுவரை சுத்த சைவம் என்று எழுத வேண்டாம்.

மெரபேங்க் தேவி:
ஊனுண்ணி என்றும் எழுத வேண்டாம்.