மறு: ஃபெரோ ராடுக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

ஃபெரோ ராடு என்பது சுரண்டினால் தீப்பொறி தெறிக்கும் உலோகக் கோல், தீ மூட்ட உதவுவது. நம் சொல்பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயர் பற்றி வந்த யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> ‘சிக்கிமுக்கிக் கோல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தலைகீழாகப் புரியும். சிக்கிமுக்கியில் கல் இரும்பைச் செதுக்குகிறது. தெறிப்பது இரும்புத் துகள். ஃபெரோ ராடில் எஃகு விளிம்பு கோலைச் சுரண்டுகிறது. தெறிப்பது கோலின் துகள். சீரியம், லாந்தனம், இரும்பு எல்லாம் கலந்த உலோகம் அது. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை வாங்கியது. பொறியின் வெப்பம் ஏறத்தாழ 3000 டிகிரி செல்சியஸ் என்பார்கள்.

பெயரோடு போகிற விஷயமில்லை இது. சிக்கிமுக்கிப் பொறி பிடிக்கக் கருக்கிய துணி வேண்டும். (அதைக் ‘கரித்துணி’ என்று எழுதாதீர்கள். சோற்றுப் பானை இறக்கும் துணியைத் தேடிப் போய்விடுவார்கள். ‘கருகுதுணி’ போதும்.) ஃபெரோ ராடுக்கு நன்றாக உதிர்த்த தேங்காய் நாரும் இலவம்பஞ்சுமே போதும், காசில்லாத சரக்கு. பழைய பெயரை ஒட்டினால் புதிதாகப் பழகுபவர் பழைய பாடும் படுவார்.

> ஞெலிகோல்?

ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகிய ஞெலிகோலுக்கு ஔவை ஒப்பிட்டது நம் பக்கத்துத் தகடூர் அதியமானைத்தானே! ஆனால் ஞெலிதல் கடைதல். கட்டையோடு கட்டை தேய்ந்து கங்கு பிறக்கும், பொறி தெறிக்காது. வில் கட்டிக் கடையும் முறைக்கு அச்சொல்லை எடுத்து வைப்போம்.

> கூடவே மெக்னீசியக் கட்டி வருகிறது. சேலத்து வெள்ளைக்கல்லும் அதுதானே?

இல்லை. அந்தக் கட்டி எரியும் உலோகம். வெள்ளைக்கல்லான மாக்னசைட் மெக்னீசியக் கார்பனேட், எரியாது. சுட்டெடுத்தால் கடும் வெப்பத்தையும் தாங்கும் என்பதால்தான் உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கே அது போகிறது!

என் பரிந்துரை ‘தீப்பொறிக்கோல்’. வெறும் ‘பொறிக்கோல்’ என்றால் எந்திரம், எலிப்பொறி எல்லாம் நினைவுக்கு வரும். சுரண்டும் தகட்டுக்குச் ‘சுரண்டி’. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். லேத் பட்டறையில் உடைந்த ஆக்ஸா பிளேடு கேட்டால் சும்மாவே தருவார்கள். முதுகுப் பக்கத்துப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஏற்காட்டு மூடுபனியில் தீப்பெட்டி நமத்துப்போகும். கோல் நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம்.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: பட்டா நிலத்தில், உரியவரைக் கேட்டுக்கொண்டு பழகவும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சேர்வராயன் மலைச் சரிவில் மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து

---

அண்ணா, வணக்கம்.

> தலைகீழாகப் புரியும்

பெட்டிக்கடையில் ‘லைட்டர் கல்லு’ என்றுதானே கேட்கிறோம்? அந்தக் குட்டித் துண்டும் இதே உலோகம்தான், கல் இல்லை. அந்தப் பெயரால் யாருக்கும் லைட்டர் பற்றாமல் போகவில்லை. ‘தீப்பொறிக்கோல்’ தலைச்சொல்லாக இருக்கட்டும். பக்கத்தில் ‘லைட்டர் கல் தண்டு’ என்று பேச்சுவழக்கையும் போடுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அதைக் கேட்டால்தான்.

‘சுரண்டி’க்கு எனக்கு மறுப்பில்லை. அடுத்து டார்ப்பாலினை எடுப்போமா? ‘தார்ப்பாய்’ இருக்க, ‘கூரைவிரிப்பு’ எதற்கு என்று தெரியவில்லை.