மெசோடின்ட்: ‘சுரண்டச்சு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

செப்புத் தகட்டைச் சொரசொரப்பாக்கி, பிறகு சுரண்டிப் படம் உருவாக்கி அச்சிடும் முறை மெசோடின்ட். அதற்குத் தமிழில் ‘அரைத்தொனி அச்சு’ எனலாம் என்று முன்வைக்கப்பட்ட பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியப் பெயருக்கு அது நேரானதுதான். ஆனால், புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சகங்கள் பயன்படுத்திய ஹாஃப்டோன் பிளாக்குக்கு அல்லவா அது பொருந்தும்? இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் தடுமாறுவார்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஆங்கிலேய அச்சுக் கலைஞர் வேலன்டைன் கிரீன் 1771இல் உருவாக்கிய ‘ரெகுலஸ்’ என்ற மெசோடின்ட் படத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட் 1769இல் தீட்டிய ஓவியத்தின் அச்சு வடிவம் அது. ரோமின் எதிரியான கார்த்தேஜில் சிறைப்பட்ட ரோமானியத் தளபதி ரெகுலஸ், திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டுத் தூதராக ரோமுக்கு வருகிறார். எதிரியின் நிபந்தனைகளை ஏற்க வேண்டாம் என்று தாமே அறிவுரை சொல்கிறார். பிறகு, கதறும் குடும்பத்தை விட்டுவிட்டு, கொடிய சாவு காத்திருப்பது தெரிந்தே புறப்படுகிறார்.

இத்தகைய படத்துக்குச் செப்புத் தகட்டில் கோடு கிழிப்பதில்லை. விளிம்பு வளைந்த, நுண்ணிய பற்கள் கொண்ட கருவியைத் தகடு முழுவதும் பல திசைகளில் ஆட்டி ஆட்டி நகர்த்துவார்கள். செம்பில் பிசிறு எழும்பும். அப்போதே மை பூசி அச்சிட்டால் தாள் முழுவதும் வெல்வெட் போன்ற கறுப்பு. அதன்பின் பிசிறைச் சுரண்டச் சுரண்ட, அந்த இடத்தில் மை குறைவாகத் தங்கிச் சாம்பல் நிறம் வரும்; வழவழவென்று மெருகேற்றிய இடம் வெள்ளையாகும். கலைஞர் தீட்டுவது வெளிச்சத்தைத்தான். இருள் முன்பே தகட்டில் இருக்கிறது. துயரக் காட்சிகளுக்கு இந்த முறை அவ்வளவு பொருந்திப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ‘சுரண்டச்சு’ என்கிறேன். லித்தோகிராஃபிக்கு வழங்கும் கல்லச்சு என்ற சொல்லோடு ஒட்டி நிற்கும். ‘சுரண்டச்சுக் கலைஞர்’, ‘சுரண்டச்சுத் தகடு’ என்று நீட்டவும் இடம் தரும். ஜெர்மானியரும் ‘சுரண்டுகலை’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். பிரெஞ்சு வழக்கைத் தழுவிய ‘கரும்பாணி’ காதுக்கு இனிமை. ஆனால் மரக்கட்டை அச்சும் கறுப்புதானே? ‘சுரண்டல்’ என்றால் உழைப்பைச் சுரண்டுவது நினைவுக்கு வரும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அடிப்பிடித்த பாத்திரத்தையும் நாம் சுரண்டத்தான் செய்கிறோம். அச்சு என்ற சொல் பக்கத்தில் நின்றால் குழப்பம் வராது.

பிசிறு என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். லேத் பட்டறைகளில் புழங்கும் சொல். அச்சிட அச்சிட அது நசுங்கி, பிந்தைய படிகள் வெளிறிப்போகும். எனவே ‘முற்படி’, ‘பிற்படி’ என்ற வேறுபாடும் நமக்குத் தேவை. பல் வைத்த அந்தக் கருவிக்கு ‘ஆட்டுளி’ பொருந்துமா? உளி என்றாலே சுத்தியலால் அடிப்பது என்று எண்ணுவார்களோ என்பதுதான் என் தயக்கம். பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.