கிரேக்கத் தொல்லியல் படிக்கப் போனால் எங்கு பார்த்தாலும் பானைதானா?

புதுமாணவி:
பழைய கிரேக்கத் தொல்லியலைச் சொந்தமாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கோயில், சிலை என்று ஆசையோடு போனால், எந்த அறிமுகப் பாடத்தை எடுத்தாலும் பானைக்குத்தான் அதிக இடம். ஏன் இவ்வளவு? கருப்பு உருவம் (மண்நிறப் பின்னணியில் கருப்பு ஓவியம்), சிவப்பு உருவம் (கருப்புப் பின்னணியில் மண்ணின் சிவப்பிலேயே விட்ட ஓவியம்) என்று பிரிக்கிறார்களே, அதை வைத்துக் காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

குழிக்காரன்:
வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள், பளிங்கில் நிறைய சுண்ணாம்புச் சூளைக்குப் போய்விட்டது, துணியும் மரமும் மக்கிவிட்டன. பானை உடையும், ஆனால் ஓடு அழியாது, அதை உருக்கி வேறொன்றாக்கவும் முடியாது. அதோடு பாணியும் வேகமாக மாறியது: கருப்பு உருவம் கொரிந்து என்ற கிரேக்க நகரில் கி.மு. 700 வாக்கில் தொடங்கியது, ஏதென்ஸில் சிவப்பு உருவம் கி.மு. 525 வாக்கில் வந்தது. இந்த வரிசையை உண்மையான ஆண்டுகளோடு கட்டிப்போட வரலாற்றுச் சம்பவங்கள் வேண்டும். பாரசீகர்களோடு நடந்த மராத்தான் போரில் இறந்த ஏதென்ஸ்காரர்களின் புதைமேட்டில் கிடைத்த பானைகள் கி.மு. 490ஐக் காட்டும். கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸை எரித்த பிறகு புதைக்கப்பட்ட இடிபாடுகள் இன்னொரு பிடி, ஆனால் அவற்றில் சில குவியல்களில் பிற்காலப் பொருளும் கலந்திருக்கிறது, அதனால் கவனம் தேவை.

சூளைப்புகை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கருப்பு சாயமே இல்லை! மிக நுண்ணிய களிமண்ணைக் கரைத்துப் பூசினார்கள், அவ்வளவுதான். சூளையில் முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்துப் பச்சை விறகு போட்டால் முழுப் பானையும் கறுத்துவிடும், அந்தச் சூட்டில் பூச்சு மட்டும் இறுகிக் கண்ணாடித்தன்மை பெறும். மறுபடி காற்று விட்டதும் பானை உடல் சிவப்புக்குத் திரும்பும், இறுகிய பூச்சுக்குள் காற்று நுழையாது, அது கருப்பாகவே நிற்கும். மூன்றும் ஒரே சுடுதலில் நடந்தவை. கருப்பு உருவத்தில் உள்கோடுகளைக் கூரிய கருவியால் கீறினார்கள், சிவப்பு உருவத்தில் தூரிகையால் வரைந்தார்கள், அதனால்தான் பின்னதில் உடலின் திருப்பங்கள் அத்தனை இயல்பாக வருகின்றன.

ஓட்டுச்சில்லு:
அழகில் மட்டும் நின்றுவிடாதீர்கள். அருங்காட்சியகங்களில் முழுசாக நிற்கும் ஏதென்ஸ் பானைகளில் மிகப் பல இத்தாலியில், வுல்சி போன்ற ஊர்களில் எத்ருஸ்கர் என்ற பழைய இத்தாலிய மக்களின் கல்லறைகளில் தோண்டியவை, எது எதோடு கிடந்தது என்ற குறிப்பு பலவற்றுக்கு இல்லை. இதற்கு நேர்மாறாக, அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் ஏதென்ஸ் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீஸின் பெயர் கீறிய 190 அளவிலான ஓடுகள் கிடைத்தன. அவரை நாடு கடத்தும் வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டாகப் போடுவதற்கானவை. எழுத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 14 பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள், அதாவது யாரோ முன்கூட்டியே தயார்செய்து வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக விற்றுப் போயிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

புதுமாணவி:
கிணற்றுக் கதைக்கு மிக்க நன்றி. அப்படியானால் பாணியையும் மண்ணடுக்கையும் சேர்த்தே படிக்கிறேன்.